விழுங்க மறுக்கும் ஈஸ்ட்: பச்சை வளையம் ஏன் மறையவில்லை?

தீவுக்காரி (பினாங்கு) · சனி, பின்னிரவு 12:40

வணக்கம். பினாங்கில் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஈஸ்ட்டில் ஆய்வுத் திட்டம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சூப்பர்வைசர் செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வருகிறார். அதற்குள் ஏதாவது பிடிபட்டால் என் மானம் தப்பும்.

விஷயம் இதுதான். ஏ வகை ஈஸ்ட் செல்லின் மேற்பரப்பில் ஸ்டீ2 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. எதிர்வகையான ஆல்ஃபா செல் 13 அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கை வெளியே விடும். அதன் பெயர் ஆல்ஃபா ஃபாக்டர். அது வந்து ஏற்பியில் ஒட்டினால், பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார் என்று செல்லுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்த ஏற்பியையே செல் உள்ளே இழுத்து, வாக்குவோல் என்ற செரிமானப் பையில் போட்டுக் கரைத்துவிடும். இதுதான் எண்டோசைட்டோசிஸ். என் ஸ்டீ2வின் வால் நுனியில் பச்சை ஒளிர்புரதம் கோத்திருக்கிறது. ஆகவே முதலில் செல்லைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். உள்ளே போனதும் வளையம் மங்கி, நடுவில் வாக்குவோல் ஒரு விளக்கு மாதிரி எரியும்.

இரண்டு ரகம் வைத்திருக்கிறேன். ஒன்று சாதாரண ரகம், மற்றது எண்ட்4 மரபணு பழுதான ரகம். இந்தப் பழுது சூட்டில் மட்டும்தான் வெளியே தெரியும். அறை வெப்பநிலையில் ஒழுங்காக உள்ளே இழுக்கும், 37 டிகிரியில் நின்றுவிடும். என் திட்டமே இந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான்.

சாதாரண ரகம் இரண்டு சூட்டிலும் ஒழுங்காக வேலை செய்கிறது. பழுதான ரகம் 37-ல் எதிர்பார்த்தபடி நிற்கிறது. ஆனால் அறை வெப்பநிலையிலும் நிற்கிறது! 40 நிமிடம் கழித்தும் வளையம் அப்படியே. ஐந்து முறை செய்துவிட்டேன். வியர்வை ஐபீஸில் ஒட்டும் வரை உட்கார்ந்து பார்த்தாயிற்று. என்ன தப்பு?

பிசிஆர்_பித்தன் (ஷா ஆலம்) · சனி, காலை 8:15

வாலில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். ஸ்டீ2வின் வாலில்தான் "என்னை உள்ளே இழு" என்ற குறியே இருக்கிறது. அங்கே போய் பெரிய பச்சைப் புரதத்தைக் கோத்துவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். குறி மறைந்துவிட்டது, அவ்வளவுதான். ரகத்தை முதலிலிருந்து கட்டுங்கள்.

செந்தூல்_செல் (கோலாலம்பூர்) · சனி, காலை 9:02

பித்தன், அவசரப்படாதீர்கள். சாதாரண ரகத்திலும் அதே வால், அதே பச்சைதான். அது போகிறதே. வால் குற்றமென்றால் இரண்டுமல்லவா நிற்க வேண்டும்?

ஆனால் வாலைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி, அதைக் கொஞ்சம் விரித்தால் மற்றவர்களுக்கும் உதவும். ஆல்ஃபா ஃபாக்டர் ஒட்டியதும் ஸ்டீ2வின் வாலில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் ஒய்சிகே என்ற கைனேஸ் நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டும். அதன்பின் ஆர்எஸ்பி5 என்ற நொதி வந்து, பக்கத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் யூபிகுவிட்டினைக் கட்டும். யூபிகுவிட்டின் என்பது 76 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். யூபிகுவிட்டின் ஒட்டினால்தான் ஏற்பி உள்ளே போகிறது என்பதை 1996-ல் லிண்டா ஹிக்கியும் ஹோவர்ட் ரீஸ்மனும் காட்டினார்கள். அதுவரை யூபிகுவிட்டின் என்றாலே, செல்லின் அரவை இயந்திரமான புரோட்டியசோமில் போட்டு அரைக்கவேண்டிய குப்பைக்கு ஒட்டும் சீட்டு என்றுதான் பேச்சு. 2004 வேதியியல் நோபல் கிடைத்ததும் அந்த அரைக்கும் கதைக்குத்தான். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒன்றுக்கு அதே சீட்டு ஒட்டினால் அது "உள்ளே வா" என்ற அர்த்தம் தரும் என்பதை ஈஸ்ட்தான் முதலில் சொல்லிக் கொடுத்தது. அரைக்கும் வேலைக்குச் சங்கிலியாக நான்கைந்து வேண்டும், உள்ளே இழுக்க ஒன்றே போதும்.

தங்கச்சி, ஒரு கேள்வி. ஆல்ஃபா ஃபாக்டர் பட்டால் செல் புதிதாக ஸ்டீ2 செய்ய ஆரம்பிக்கும். பழையது உள்ளே போனாலும் புதியது மேலே வந்துகொண்டே இருந்தால் வளையம் மறையாது. புதுப் புரதம் செய்வதை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போட்டீர்களா?

தீவுக்காரி · சனி, காலை 9:40

போட்டேன் அண்ணே. ஆல்ஃபா ஃபாக்டருக்கு முன்பே. அது போடாத முதல் தடவையில் சாதாரண ரகமும் வளையத்தோடுதான் நின்றது, அப்போது அழுகையே வந்துவிட்டது.

ஆப்பச்சட்டி (ஜார்ஜ்டவுன்) · சனி, காலை 11:20

நான் படித்தவன் இல்லை, ஆப்பக்கடை வைத்திருக்கிறேன். ஈஸ்ட் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். இருபது வருடமாக ஈஸ்ட்டோடு குடித்தனம் செய்கிறேன். தங்கச்சி சொல்லும் இந்த விழுங்கும் வேலையால்தான் அது சர்க்கரையைத் தின்று மாவைப் பொங்க வைக்கிறதா? இன்னொன்று, அந்த ஆல்ஃபா பொடியை என் மாவில் போட்டால் என்ன ஆகும்?

ஓய்வு_டீச்சர் (புக்கிட் மெர்தாஜாம்) · சனி, மதியம் 12:05

நல்ல கேள்வி ஐயா. இதே குழப்பத்தைப் படிவம் ஆறு பிள்ளைகள் வருடா வருடம் எழுதுவார்கள், நானும் வருடா வருடம் சிவப்பு மையில் திருத்தினேன்.

சர்க்கரையை ஈஸ்ட் விழுங்குவதில்லை. சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. அவை குளுகோஸை ஒவ்வொரு மூலக்கூறாக உள்ளே விடும், வாசலில் டிக்கெட் கிழிப்பதைப் போல. எண்டோசைட்டோசிஸ் என்பது சவ்வே உள்நோக்கிக் குழிந்து, பையாகி, பிய்ந்து உள்ளே போவது. ஆனால் ஒரு தொடர்பு உண்டு: சர்க்கரை நிலவரம் மாறினால், தேவையில்லாத அந்த வாசல் புரதங்களையே செல் எண்டோசைட்டோசிஸ் மூலம் உள்ளே இழுத்து அழித்துவிடும். வாசல் வழியாகச் சாப்பாடு போகிறது, வேண்டாதபோது வாசலையே பெயர்த்துக்கொண்டு போகிறார்கள்.

ஆல்ஃபா பொடி போட்டால் உங்கள் மாவில் ஒன்றும் நடக்காது. கடையில் வாங்கும் ஈஸ்ட்டில் ஒவ்வொரு செல்லும் ஏற்கெனவே ஏ-யும் ஆல்ஃபாவும் சேர்ந்த சம்சாரி. அதற்கு ஸ்டீ2 தேவையில்லை, செய்வதும் இல்லை.

ஆப்பச்சட்டி · சனி, மதியம் 12:31

கல்யாணம் முடிந்த ஈஸ்ட்டை வைத்துத்தான் இத்தனை நாள் பிழைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள் டீச்சர். சரி, இன்னொன்று. அந்த ஏற்பி, மாப்பிள்ளை வருகிற சத்தம் கேட்கிற காது. கேட்டவுடன் காதையே பிய்த்துத் தின்றுவிட்டால் அப்புறம் எப்படிக் கேட்கும்?

செந்தூல்_செல் · சனி, மாலை 4:10

அங்கிள், இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய இலக்கியமே இருக்கிறது.

காது கேட்டுக்கொண்டே இருந்தால் செல் வளர்வதையும் மொட்டு விடுவதையும் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை இருக்கும் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டே நிற்கும். பேரிக்காய் மாதிரி ஆகிவிடும், அதற்கு ஷ்மூ என்று பெயர். மாப்பிள்ளை வராமலே போனால்? எப்போதாவது பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடு. ஏ செல் பார்1 என்ற நொதியை வெளியே விட்டு ஆல்ஃபா ஃபாக்டரையே வெட்டிப் போடும். கூடவே கேட்ட காதுகளை உள்ளே இழுக்கும். ஸ்டீ2வின் வாலை வெட்டிவிட்ட ரகங்களில் உள்ளிழுப்பு நடக்காது, அந்தச் செல்கள் மிகமிகக் கொஞ்சம் ஆல்ஃபா ஃபாக்டருக்கே ஆடிப்போய்விடும். எல்லாக் காதும் ஒரே நேரத்தில் போவதில்லை, புதியதும் வரும். கடைவாசலில் ஒலிபெருக்கி அலறினால் பஞ்சு வைத்துக்கொள்கிறோமே, அப்படி.

நம் உடம்பிலும் இதே குடும்பத்து ஏற்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அட்ரினலின் ஏற்பி உட்பட. ஏழு முறை சவ்வைத் துளைத்துப் போகும் குடும்பம்.

பிசிஆர்_பித்தன் · சனி, மாலை 5:30

சரி, வால் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ரகம் கலந்துவிட்டது. பெட்டியில் எண்ட்4 முழுதாக நீக்கிய ரகமும் இருக்கிறதா? தட்டு மாறியிருக்கும். முழுதாக நீக்கினால் எந்தச் சூட்டிலும் உள்ளே போகாது.

தீவுக்காரி · சனி, இரவு 7:12

அதைத்தான் நானும் முதலில் சந்தேகப்பட்டேன். பெட்டியில் இல்லை, எங்களிடம் அந்த ரகமே கிடையாது. குளிர்ந்த இன்குபேட்டரில் 24-ல் இரவு முழுக்க வளர்த்தேன், சாதாரண ரகத்தோடு சமமாக வளர்கிறது. 37 தட்டில் வளரவே இல்லை. ஆகவே ரகம் சரி என்றுதான் தோன்றுகிறது.

கண்ணில் பட்டது ஒன்றையும் சொல்கிறேன், முக்கியமா தெரியவில்லை. அறை வெப்பநிலைத் தொகுதியில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இல்லை. பத்தில் ஒன்றிரண்டில் வாக்குவோல் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது. வளையம் தடிமனாக, சில இடத்தில் புள்ளி புள்ளியாகத் திரண்டு நிற்கிறது. 37-ல் அந்த ஒன்றிரண்டும் இல்லை.

ஓய்வு_டீச்சர் · சனி, இரவு 8:00

செந்தூல் தம்பி, நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த சேதி நிறைய இருக்கும். எண்ட்4 உண்மையில் என்ன வேலை பார்க்கிறது? பாடப்புத்தகத்தில் கிளாத்ரின் என்ற புரதம் கூடை போட்டுச் சவ்வை வளைக்கும், அத்தோடு முடிந்தது. ஈஸ்ட்டில் ஆக்டின் என்ற இழைப் புரதம் இல்லாமல் நடக்காது என்கிறார்கள். பாலூட்டிச் செல்லில் அப்படிக் கட்டாயமில்லையே?

செந்தூல்_செல் · சனி, இரவு 10:25

டீச்சர், இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அழுத்தம். ஈஸ்ட் செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் திரண்டிருப்பதால் தண்ணீர் உள்ளே பாய்ந்து, செல் சவ்வைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறது. நன்றாகக் காற்றடித்த ஃபுட்பாலில் விரலால் குழி போட்டுப் பாருங்கள். அதுதான் ஈஸ்ட் ஒவ்வொரு முறையும் செய்யும் வேலை. நம் செல்லில் அந்த அளவு அழுத்தம் இல்லை, கிளாத்ரின் கூடை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஈஸ்ட்டில் தள்ளவும் இழுக்கவும் ஆக்டின் வேண்டும். வெளியே சார்பிட்டால் என்ற சர்க்கரைப் பொருளைப் போட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்தால், ஆக்டின் இல்லாமலும் ஓரளவு நடக்கிறது என்று 2009-ல் இங்கிலாந்தில் ஒரு குழு காட்டியது. ஆக, ஆக்டினின் வேலை அழுத்தத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

அடுத்து வரிசை. ஓர் இடத்தில் முதலில் இடிஇ1 போன்ற சில புரதங்களும் கிளாத்ரினும் வந்து கூடும். இது ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும், சில நேரம் இன்னும் அதிகம். பிறகு எண்ட்4, ஸ்லா1, பேன்1 என்று ஒரு கூட்டம். கடைசியில் லாஸ்17 என்பவர் ஆர்ப்2/3யைத் தட்டியெழுப்ப, ஆக்டின் கிளைகிளையாக வளரும். இந்தக் கடைசிக் கட்டம் சுமார் 15 நொடிதான். அதற்குள் சவ்வு உள்ளே நீண்டு, ஆர்விஎஸ் புரதங்கள் கழுத்தைச் சுற்றிக்கொள்ள, பை பிய்ந்துவிடும். ஐம்பது அறுபது புரதங்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒளிர்புரதம் கட்டி, யார் எந்த நொடியில் வருகிறார், எப்போது போகிறார் என்று பெர்க்லியில் டேவிட் டிரூபின் குழு 2003, 2005-ல் எண்ணி வைத்தது.

இனி எண்ட்4. இதற்கு ஸ்லா2 என்றும் பெயர். 1993-ல் இரண்டு ஆய்வகங்கள் இரண்டு வழியாக வந்து ஒரே மரபணுவில் முட்டிக்கொண்டதால் இரண்டு பெயர். எண்டோசைட்டோசிஸ் கெட்ட ரகங்களைத் தேடிய ரீஸ்மன் குழு எண்ட்4 என்றது, ஆக்டின் ஆட்களைத் தேடிய டிரூபின் குழு ஸ்லா2 என்றது. இதன் ஒரு நுனி சவ்வைப் பிடிக்கும், மறு நுனி ஆக்டினைப் பிடிக்கும். வண்டியில் கிளட்ச் மாதிரி. இது இல்லாத செல்லில் ஆக்டின் வளராமல் இல்லை, பேய்த்தனமாக வளர்கிறது. சவ்வில் ஒட்டியபடி வால்நட்சத்திரம் மாதிரி நீண்டு வளர்கிறது, ஆனால் சவ்வு ஒரு இம்மிகூட அசைவதில்லை. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. எங்கள் வீட்டுப் பழைய காரை கெந்திங் ஏற்றத்தில் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

தங்கச்சி, உங்கள் "புள்ளி புள்ளியாகத் திரண்டு நிற்கிறது" முக்கியமான தகவல். பத்தில் ஒன்றிரண்டு செல் உள்ளே இழுத்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். கிளட்ச் இல்லாமல் போகவில்லை, வழுக்குகிறது. 24-ல் ஒழுங்காக வளர்கிறது என்றும் சொன்னீர்கள். வளர்த்தது 24-ல். அந்த 40 நிமிடம் செல்கள் எங்கே இருந்தன?

தீவுக்காரி · சனி, இரவு 10:41

மேசைமேல், டியூபில், சுழலும் தட்டில். புரோட்டோகாலில் "அறை வெப்பநிலை, 40 நிமிடம்" என்று இருக்கிறது. பிறகுதான் நுண்ணோக்கி அறைக்கு எடுத்துப் போவேன். அந்த அறையில் தனி ஏர்கோன் உண்டு.

செந்தூல்_செல் · சனி, இரவு 10:44

எந்த நேரத்தில்?

தீவுக்காரி · சனி, இரவு 10:52

இரவில்தான். பகலில் நுண்ணோக்கி சீனியர்களுக்கு. எனக்கு எட்டு மணிக்கு மேல்தான் நேரம் கொடுப்பார்கள். ஆறு மணிக்குக் கட்டிடத்தின் ஏர்கோனை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் அந்த வியர்வைப் புலம்ப

ஐயோ.

செந்தூல்_செல் · சனி, இரவு 10:58

அதேதான் என்று நினைக்கிறேன். உங்கள் புரோட்டோகாலை எழுதியவர் குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பார். அவர் அறை 22, 23. இந்த ரகங்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் "24-ல் ஓடும், 37-ல் நிற்கும்" என்றுதான் போடுவார்கள். நடுவில் எங்கே நிற்கும் என்று கோடு போட்டு யாரும் தருவதில்லை, ஒவ்வொரு பழுதுக்கும் அது வேறு. நம் ஊரில் இரவு எட்டு மணிக்குச் சன்னல் சாத்திய லேப், சுழலும் தட்டின் மோட்டார் சூடு வேறு. நாளைக்கு முதல் வேலை, ஒரு தெர்மாமீட்டரை டியூபுக்குள் வையுங்கள். அறையில் இல்லை, டியூபுக்குள்.

பிசிஆர்_பித்தன் · சனி, இரவு 11:15

இரண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன், மூன்றாவதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் என் லேபில் "அறை வெப்பநிலை" என்று எழுதிய புரோட்டோகால் எத்தனை இருக்கிறது என்று இப்போது போய் எண்ணப்போகிறேன்.

ஆப்பச்சட்டி · ஞாயிறு, காலை 6:10

மழை நாளில் மாவு பொங்க ஒரு மணி நேரம் கூட ஆகும் என்று என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். லேபில் யாரும் தொட்டுப் பார்க்கமாட்டீர்களா?

தீவுக்காரி · ஞாயிறு, இரவு 11:35

தொட்டுப் பார்க்கவில்லை அங்கிள். இனிப் பார்ப்பேன்.

நேற்று மாதிரியே எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். டியூபுக்குள் 32. சுழலும் தட்டில் அரை மணி ஓடிய பிறகு 32.5. பகலில் ஏர்கோன் ஓடும்போது அதே மேசையில் 23 என்று சீனியர் அக்கா சொன்னார். ஒரே மேசை, ஒரே புரோட்டோகால்.

24-ல் வைக்க வழி தேடியதுதான் பெரிய கூத்து. எங்கள் வாட்டர்பாத்துக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கடைசியில் மீன் வாங்க வைத்திருக்கும் பாலிஸ்டிரீன் பெட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஐஸ் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே 40 நிமிடம் உட்கார்ந்தேன். 23.5-க்கும் 24.5-க்கும் நடுவில் நிறுத்திவிட்டேன். பக்கத்து லேப் பையன் ஐஸ் கச்சாங் விற்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நுண்ணோக்கியில்: சாதாரண ரகம் வழக்கம்போல வளையம் போய் விளக்கு எரிகிறது. பழுதான ரகம் 24-ல், வளையம் முழுக்கப் போகவில்லை, ஆனால் மெலிந்துவிட்டது, பெரும்பாலான செல்லில் வாக்குவோல் பச்சை. 37-ல் வளையம் கல் மாதிரி. 32-ல் எடுத்தது இரண்டுக்கும் நடுவில், ஆனால் 37 பக்கம் சாய்ந்து.

செந்தூல்_செல் · திங்கள், காலை 7:50

அருமை. 24-லும் சாதாரண ரகத்தை எட்டவில்லை என்பதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். நல்ல நாளிலும் இந்த ரகம் கொஞ்சம் நொண்டும். 32-ஐத் தூக்கிப் போடாதீர்கள், அது மூன்றாவது புள்ளி. 28-லும் ஒன்று எடுத்தால் உங்களிடம் கோடு இருக்கும்.

ஆக்டினோடு ஒட்டும் ஏபிபி1 என்ற புரதத்தில் சிவப்பு ஒளிர்புரதம் கோத்த ரகம் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்குங்கள். ஆக்டின் வால்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஓய்வு_டீச்சர் · திங்கள், காலை 10:15

கண்ணு, அந்த 24, 32, 37 படங்களை அளவுகோலோடு எனக்கு அனுப்ப முடியுமா? பட்டர்வொர்த்தில் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். வெப்பநிலையைச் சொல்லாமல் காட்டிவிட்டு, எது எது என்று அவர்களையே சொல்லவைக்கப் போகிறேன்.

தீவுக்காரி · புதன், இரவு 9:20

படங்கள் அனுப்பிவிட்டேன் டீச்சர். சூப்பர்வைசர் நேற்று வந்தார். புரோட்டோகாலில் "அறை வெப்பநிலை" என்ற இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி 24 என்று எழுதச் சொன்னார். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, போன வருடம் இதே மேசையில் இரவில் எடுத்த மற்றவர்களின் தொகுதிகள் எவை என்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பதினொன்று இருக்கிறது.

சிவப்பு ரகம் கிடைத்துவிட்டது. 37-ல் பத்து நிமிடம் வைத்து இப்போதுதான் பார்த்தேன். செல்லின் ஓரத்திலிருந்து உள்ளே நீண்டு, சிவப்பு வால் ஒன்று ஆடுகிறது, மெதுவாக, நெத்திலி மாதிரி. நுனி சவ்வில் ஒட்டியபடியே இருக்கிறது. இரண்டு நிமிட வீடியோ எடுத்தேன். சவ்வு அசையவே இல்லை.